வெண்கலத்தில் அழித்த பெயர்கள்

பொன்னும் வெள்ளியும் செல்வர் கைப்பொருள்; வெண்கலமோ எளியோர் கைப்பொருள். உரோமப் பேரரசில் ரொட்டி வாங்கியவனும், பொதுக் குளியற்கூடத்தில் கட்டணம் செலுத்தியவனும் நாள்தோறும் தொட்டது வெண்கலக் காசையே. தொலைவில் வாழ்ந்த பேரரசனின் முகத்தை அவர்கள் பெரிதும் அதன் வழியாகவே அறிந்தனர். ஆகவே, அதில் யார் முகம் இருக்கலாம், யார் பெயர் இருக்கலாகாது என்பது அரசியல் வினாவாயிற்று.

கி.பி. 31ஆம் ஆண்டில் பேரரசர் திபேரியசுடன் கான்சல் பதவி வகித்தவர், மெய்க்காவற்படைத் தலைவர் செஜானஸ். ஸ்பெயினில் இருந்த பில்பிலிஸ் நகரம் இருவர் பெயரையும் பொறித்துக் காசு வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று செஜானசுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பின்னர், அக்காசுகள் சிலவற்றில் அவர் பெயர் மட்டும் சுரண்டி நீக்கப்பட்டது. திபேரியசின் பெயர் தொடப்படவில்லை.

உரோம நகரில் அச்சிட்ட வெண்கலக் காசுகள் பலவற்றில், 'செனட்டின் தீர்மானப்படி' எனப் பொருள்படும் எஸ், சி என்னும் எழுத்துகள் காணப்படும். காலிகுலாவின் காசுகளிலும் அவை உண்டு. அவர் கி.பி. 41இல் கொல்லப்பட்டார். அவர் உருவம் தாங்கிய வெண்கலக் காசுகளை உருக்குமாறு அதே செனட் 43இல் தீர்மானித்ததாக வரலாற்றாசிரியர் தியோ காசியஸ் எழுதுகிறார். வாழ்ந்த நாளில் காசில் ஏற்ற முகத்தை மாண்டபின் உருக்க முனைந்தனர். எனினும் அம்முகம் தாங்கிய காசுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

எல்லாவற்றிலும் துயரமானது கேட்டாவின் கதை. கி.பி. 211இல் செப்டிமியஸ் செவெரஸ் மறைந்தபின், அவர் மைந்தர் கராகல்லாவும் கேட்டாவும் இணைந்து அரசாண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள், தாய் ஜூலியா தோம்னாவின் மடியிலேயே கேட்டாவைக் கொல்வித்தான் கராகல்லா. தாய் அழவும் உரிமையற்றிருந்தாள் என்கிறார் தியோ. கேட்டாவின் பெயர் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி எடுக்கப்பட்டது. சிற்றாசியாவின் ஸ்திரதோனிகேயா நகரத்துப் பெரிய வெண்கலக் காசுகளில் உடன்பிறந்தார் இருவரும் எதிரெதிரே நோக்கி நின்றனர். அவற்றில் கேட்டாவின் தலை உளிக்கு இரையாயிற்று.

முகம் சிதைந்தாலும் வெண்கலத்திற்கு மதிப்பு உண்டு. ஆதலால் அக்காசு எறியப்படவில்லை. கராகல்லாவும் 217இல் கொலையுண்டான். இன்று அக்காசைக் காண்போர் அவன் முகத்தைக் கடந்து, அதன் எதிரே உள்ள வெற்றிடத்தையே முதலில் நோக்குகின்றனர். அங்கே இருந்தவன் யார் என்றே வினவுகின்றனர். மறக்கச் செய்வதற்காக இட்ட உளித்தழும்பே கேட்டாவை நினைவூட்டும் சான்றாக நிற்கிறது.