ஆப்பிரிக்கப் பெரு நத்தை

கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நில நத்தை. ஒவ்வொன்றும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டையும் உடையது. ஆயினும் பெரும்பாலும் இணை சேர்ந்தே முட்டையிடும். ஈர மண்ணில் ஒரே ஈட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடுவதுண்டு. பொரித்த குஞ்சு முதலில் தன் முட்டையோட்டையே தின்று சுண்ணச்சத்தைப் பெறுகிறது. வளர்ந்தவை அதே தேவைக்காகச் சுண்ணாம்படித்த சுவரைச் சுரண்டும். ஓராண்டுக்குள் இனப்பெருக்க வயதை எட்டும்.

வறட்சியில் ஓட்டின் வாயை மெல்லிய படலத்தால் அடைத்து மாதக்கணக்கில் உறங்கும். மழை பெய்ததும் கூட்டமாக வெளிவருவதால் ஓரிரவில் பெருகியதுபோல் தோன்றும். 1847இல் கல்கத்தாவுக்கும் 1900இல் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

இதை ஒழிக்க 1955இல் ஹவாய்த் தீவுகளில் விடப்பட்ட ஊனுண்ணி நத்தை, அத்தீவுகளுக்கே உரிய நத்தையினங்கள் பல அழியக் காரணமாயிற்று. ஈடுசெய்ய முடியாத இழப்பு அது. பெருநத்தையோ அங்கே இன்னும் வாழ்கிறது.