பொந்தியானாக்கும் சுமைதாங்கியும்: ஒரு திகில் படத் தலைவியின் வரலாறு

திரைப்படம் வரலாற்றுச் சான்றாகுமா என்னும் வினா ஆசிரியர்களிடையேயும் மாணவர்களிடையேயும் அவ்வப்போது எழுவதுண்டு. கல்வெட்டையும் செப்பேட்டையும் தயக்கமின்றி ஏற்கும் நாம், பேய்ப்படம் என்றால் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் ஒரு சமுதாயம் எதனைக் கண்டு அஞ்சியது, அவ்வச்சத்துக்கு எவ்வுருவம் கொடுத்தது என்பவற்றை அறிய விரும்புவோர்க்குப் பேய்க்கதை ஒரு நல்ல வாயில். நம் வட்டாரத்தில் அவ்வுருவம் பெரும்பாலும் பெண்ணுருவமாகவே இருந்து வந்துள்ளது. அப்பெண்ணைக் கதைத்தலைவியாக நிறுத்திய படங்களுள் தலையாயது, 1957ஆம் ஆண்டு சிங்கப்பூரில் உருவாகி வெளிவந்த 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படம். அதன் தலைவி மக்கள் நினைவில் ஏன் நின்றாள் என்பதையே இக்கட்டுரையில் ஆராய்கிறோம்.

முதலில் அந்நம்பிக்கையின் பழைய வடிவத்தைக் காண்போம். மலாய் மக்களின் நாட்டார் நம்பிக்கைகளைத் தொகுத்த வால்டர் வில்லியம் ஸ்கீட், 'மலாய் மந்திரம்' என்னும் பொருள்படும் பெயருடைய தம் நூலை 1900இல் வெளியிட்டார். மகப்பேற்றின்போது இறந்த தாயின் ஆவியை 'லங்சுயிர்' என்றும், இறந்து பிறந்த குழந்தையின் ஆவியைப் 'பொந்தியானாக்' என்றும் அவர் பிரித்துக் குறிக்கிறார். காலப்போக்கில் இவ்விரு பெயர்களும் கலந்தன; திரைப்படங்கள் பொந்தியானாக் என்னும் பெயரைத் தாய்க்கே நிலைநிறுத்தின. இறந்த பெண் இவ்வாறு மாறிவிடாமல் தடுக்கும் முறைகளையும் ஸ்கீட் பதிவு செய்துள்ளார். அவளுடைய வாயில் கண்ணாடி மணிகளை இடுவர். இரு அக்குளிலும் கோழி முட்டை வைப்பர். உள்ளங்கைகளில் ஊசி குத்துவர். வாயில் மணி இருப்பதால் அவளால் அலற இயலாது; முட்டை இருப்பதால் கைகளைச் சிறகாக வீச இயலாது; ஊசி இருப்பதால் விரல்களை விரித்து மூட இயலாது. குரலையும் அசைவையும் அடக்கிவிட்டால் அச்சம் தீரும் என்பதே இச்சடங்கின் உட்பொருள்.

இந்த அச்சத்துக்கு வாழ்வில் அடிப்படை இருந்தது. மருத்துவ வசதி எட்டாத காலத்தில் மகப்பேறு என்பது உயிரைப் பணயம் வைக்கும் நிகழ்வு. பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் சொன்னது அணிநயத்துக்காக அன்று. சிங்கப்பூரில் கண்டாங் கர்பாவ் மருத்துவமனை 1924இல்தான் மகப்பேற்று மருத்துவமனையாக மாறியது. அதே மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலம், கம்பத்து வீட்டில் நடந்த மகப்பேறு படிப்படியாக மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்த காலம். பொந்தியானாக் திரைக்கு வந்ததும் இக்காலத்தில்தான். படம் பார்க்க வந்தோருள் பலருக்கு, மகப்பேற்றில் மாண்ட ஒரு தாயோ அத்தையோ உறவிலோ அண்டையிலோ இருந்திருக்கக்கூடும்.

மகப்பேற்றில் இறந்த பெண்ணைச் சமுதாயம் அச்சத்தோடு மட்டுமே நோக்கவில்லை என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. பிள்ளைப்பேற்றில் உயிர்நீத்தவளை உயிர்த்தியாகியரின் வரிசையில் வைத்துப் போற்றுவது இஸ்லாமிய மரபு. தமிழ்நாட்டிலோ கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டும் வழக்கம் இருந்தது. இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்துவர். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம். வழிப்போக்கர் சுமை இறக்கும்போதெல்லாம், இறக்கிவைக்க இயலாத சுமையோடு மாண்டவளின் துயரும் தணியும் என்பது நம்பிக்கை. அதே தமிழ்நாட்டில், பேய் பிடித்ததாகக் கருதப்பட்ட பெண்ணின் கூந்தல் கற்றையைப் புளியமரத்தில் ஆணியால் அறையும் வழக்கமும் இருந்தது. ஆக, ஒரே சமுதாயத்தில் ஆணியும் உண்டு; சுமைதாங்கியும் உண்டு. பெண்ணைத் தலைவியாகக் கொண்ட எந்தத் திகில் படத்தையும் இவ்விரண்டில் எதன் பக்கம் அது நிற்கிறது என்று கேட்டு மதிப்பிடலாம்.

இனி 1957ஆம் ஆண்டுப் படத்துக்கு வருவோம். அக்காலத்தில் சிங்கப்பூரே மலாய்த் திரைப்படத் துறையின் தலைநகரம். பாலஸ்டியர் வட்டாரத்து ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையமும், ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் கெத்தே-கிரிஸ் நிலையமும் போட்டியிட்டு இயங்கின. முதல் போடுபவர்களாகச் சீன வணிகர்களும், நடிகர்களாக மலாய்க் கலைஞர்களும், இயக்குநர்களாகப் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்களும் இருந்தனர். பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன். 'ஹங் துவா' (1956) படத்தை இயக்கியவர் பணி மஜும்தார். 'பொந்தியானாக்' படத்தை இயக்கிய பி. என். ராவும் இவ்வரிசையில் வருபவர். சிங்கப்பூருக்கு வருவதற்கு முன் 'மதனகாமராஜன்' (1941), 'சாலிவாகனன்' (1945) ஆகிய தமிழ்ப் படங்களை அவர் இயக்கியிருந்தார். மாயமும் மந்திரமும் கலந்த கதைகளைத் திரையில் சொல்லும் பழக்கத்தை அவர் தமிழ்த் திரையுலகிலேயே பெற்றிருந்தார் என்று கொள்வதில் தவறில்லை.

படம் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், மலாயா விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், கெத்தே திரையரங்கில் வெளியிடப்பட்டது. அதன் கதை சுருக்கமாக இது. சோமெல் என்பவள் கூன் விழுந்த, அழகற்ற கிராமத்துப் பெண். 'சோமெல்' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பொருளோ அழகு. மந்திர நூல்களைப் பயின்ற முதியவர் ஒருவர் அவளை வளர்க்கிறார். அவர் மறைந்தபின், அந்நூல்களில் கண்ட முறையைப் பின்பற்றி அவள் பேரழகியாகிறாள். ஆனால் குருதியை ஒருபோதும் சுவைத்தலாகாது என்பது விதி. அவளுக்குத் திருமணம் ஆகிறது; மரியா என்னும் மகள் பிறக்கிறாள். ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. அவனுடைய உயிரைக் காக்க அவள் வாய்வைத்து நஞ்சை உறிஞ்சுகிறாள். நஞ்சோடு குருதியும் நாவில் படுகிறது. அவள் பொந்தியானாக் ஆகிறாள்.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. பழைய நம்பிக்கையில் அப்பெண்ணுக்குப் பெயர் இல்லை. இறப்புக்கு முந்திய வாழ்க்கையும் இல்லை. படம் அவளுக்குப் பெயர் தருகிறது, இளமைத் துயரத்தைத் தருகிறது, கணவனையும் குழந்தையையும் தருகிறது. இவற்றினும் முதன்மையானது, அவள் வீழ்ந்ததற்குப் படம் காட்டும் காரணம். தீமை செய்ததால் அவள் பேயாகவில்லை. கணவனைக் காக்கத் துணிந்ததால் பேயாகிறாள். சடங்கு மணிகளால் அடைக்க முற்பட்ட அதே வாயினால்தான் அவள் அன்பும் செய்கிறாள், அழிவையும் தேடிக்கொள்கிறாள். அதற்குப்பின் அவளை அலைக்கழிப்பது மகளைக் காணவேண்டும் என்னும் ஏக்கம். அச்சத்தோடு இரக்கமும் பார்வையாளரின் நெஞ்சில் எழுகிறது.

இவ்வேடத்தை ஏற்றவர் மரியா மெனாடோ. இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவைச் சேர்ந்த இவர், அந்நாளில் மலாய்த் திரையின் பேரழகி எனப் பெயர் பெற்றிருந்தார். கதையை எழுதியவர் அவருடைய அந்நாளைய கணவர் அப்துல் ரசாக். அழகுக்காகவே போற்றப்பட்ட நடிகை ஒருவர் கூனியாகவும் கோரப் பல் கொண்ட பேயாகவும் திரையில் தோன்ற இசைந்தது அக்காலத்தில் துணிவான செயல். அவர் பின்னர்ச் சொந்தமாகப் படத் தயாரிப்பிலும் இறங்கினார்.

படம் ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓடியது. அதில் சாத்தே விற்பவராக வந்து சிரிக்கவைத்த அப்துல் வாஹிட், அதன்பின் வாழ்நாள் முழுவதும் 'வாஹிட் சாத்தே' என்றே அழைக்கப்பட்டார். ஒரு சிறு வேடமே ஒருவருடைய பெயரை மாற்றியது என்றால், படம் மக்களிடையே எவ்வளவு தூரம் சென்றது என்பதை உணரலாம். அதே ஆண்டில் 'தெண்டாம் பொந்தியானாக்', அடுத்த ஆண்டில் 'சும்பா பொந்தியானாக்' எனத் தொடர்ச்சிகள் வந்தன. 'தெண்டாம்' என்றால் வஞ்சம். 'சும்பா' என்றால் சாபம். பெயர்கள் இவ்வாறு அச்சுறுத்தினாலும், மூன்றாம் படத்தில் சோமெல் தன் மகளைத் தீய உருக்களிடமிருந்து காக்கப் போராடும் தாயாகவே வருகிறாள். ஷா நிறுவனமும் 1958இல் 'அனாக் பொந்தியானாக்' என்னும் படத்தோடு போட்டியில் இறங்கியது.

தமிழ் பயில்வோர்க்கு இங்கே ஓர் ஒப்புமை தோன்றும். பழையனூர் நீலியின் கதையை நாம் அறிவோம். கணவனால் கொல்லப்பட்ட மனைவி பேயுருக் கொண்டு, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக ஏந்தி வந்து பழிதீர்த்த கதை அது. கொடுத்த வாக்கைக் காக்க வேளாளர் எழுபதின்மர் தீப்பாய்ந்தனர் என்று மரபு கூறும். நீலி என்றாலே வஞ்சகி என்று பொருள்கொள்ளும் வழக்கு இன்றும் உண்டு. ஆயினும் ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியை இயற்றிய சமணப் புலவர், அதே பழையனூர்ப் பேயைக் காப்பியத் தலைவியாக்கி, பல சமயத்தாரோடும் வாதிடும் தருக்க அறிஞராக உயர்த்தினார். அச்சத்துக்குரியவளுக்குப் பேச இடம் கொடுத்தால் அவள் வேறொருத்தியாகிறாள் என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். சோமெலுக்கு 1957இல் நேர்ந்ததும் இதனையொத்த மாற்றமே.

ஆனால் சோமெலின் கதைக்கு ஒரு வருந்தத்தக்க முடிவு உண்டு. முதல் படமும் இரண்டாம் படமும் இன்று நம்மிடம் இல்லை. தயாரிப்பாளர்களுள் ஒருவரான ஹோ ஆ லோக் படச்சுருள்களை ஈயக்குட்டையில் எறிந்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. மூன்றாம் படமான 'சும்பா பொந்தியானாக்' எஞ்சியுள்ளது. எஞ்சிய கெத்தே-கிரிஸ் மலாய்ப் படங்களை ஆசியத் திரைப்படக் காப்பகம் பாதுகாத்து வருகிறது. அத்தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. முதல் படத்தைப் பற்றி இன்று நாம் அறிவன அனைத்தும் அக்காலச் செய்தித்தாள்கள், விளம்பரங்கள், நடித்தவர்களின் நினைவுகள் ஆகியவற்றின் வழியாகக் கிடைத்தவையே. நினைவில் நிலைத்த தலைவி, நிலைக்காத படச்சுருள். வரலாறு பயில்வோர் இம்முரணை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

படம் மறைந்தாலும் தலைவி மறையவில்லை. மலேசியாவில் ஷுஹைமி பாபா என்னும் பெண் இயக்குநர் 2004இல் 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' படத்தை எடுத்தார். மாயா கரின் நடித்த மெரியம் என்னும் காமெலான் நடனக் கலைஞர், தம்மை அடைய விரும்பிய ஒருவனால் கொலையுண்டு திரும்பி வருகிறார். 2019இல் கிளென் கோயியும் கேவின் யாப்பும் இயக்கிய 'தெண்டாம் பொந்தியானாக்' 1965ஆம் ஆண்டுக் கம்பம் ஒன்றில் நிகழ்வது. அங்கும் ஆண் ஒருவன் மறைத்த குற்றமே கதையின் வேர். 1957இல் சோமெல் தற்செயலான கேட்டினால் பேயானாள். பின்வந்த தலைவியரோ பிறர் இழைத்த கொடுமையால் பேயாயினர். பேய் எங்கிருந்து வந்தது என்ற வினா, அவளை இந்நிலைக்கு ஆளாக்கியவர் யார் என்ற வினாவாக வளர்ந்துள்ளது.

இவ்வளர்ச்சியை வகுப்பறைக்கு எடுத்துச் செல்லுதல் ஆசிரியர்களுக்கு எளிதே. மாணவர்கள் தாம் கண்ட ஏதேனும் ஒரு திகில் படத்தை எடுத்துக்கொண்டு மூன்று வினாக்களை எழுப்பலாம். பேயாக வரும் பெண்ணுக்குப் பெயர் உண்டா? அவள் உயிரோடிருந்த காலத்தைப் படம் காட்டுகிறதா? தன் கதையைத் தன் வாயால் சொல்ல அவளுக்கு இடம் உண்டா? மூன்றுக்கும் இல்லை என்பதே விடையானால், அப்படம் பழைய சடங்கின் மணியையும் ஊசியையும்தான் மீண்டும் கையில் எடுத்திருக்கிறது. மேலும் அறிய விரும்புவோர்க்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்வழிச் செய்தித்தாள் தொகுப்பு உதவும். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உள்ளன.

வீட்டிலும் ஒரு தொகுப்பு உண்டு. பாட்டிமார் சொல்லும் பேய்க்கதைகளை எள்ளாமல் கேட்டு, கதையில் வரும் அப்பெண் யார், எவ்வாறு இறந்தாள் என்று பணிவோடு வினவுவோமாயின், பதிவேடுகளில் இடம்பெறாத பல மகப்பேற்று மரணங்களின் சுவடு நமக்குக் கிடைக்கும். அவற்றை எழுதிவைத்தல் நம் தலைமுறை நாட்டக்கூடிய சுமைதாங்கி.