முத்திரையிலிருந்து முகத்துக்கு: விமான நிலையச் சோதனையில் கணினி நுழைந்த வரலாறு

விமானப் பயணியைக் கணினி முதலில் பதிவு செய்தது டிக்கெட் முன்பதிவு அறையில். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விமான நிறுவனங்கள் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அட்டை போட்டு, சுழலும் பெட்டியில் அடுக்கி வைத்து, இடம் விற்க விற்கக் கையால் குறித்து வந்தன. ஒரு முன்பதிவு முடிய சராசரியாக 90 நிமிடம் பிடித்தது. 1953இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் சென்ற விமானத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித்துக்குப் பக்கத்து இருக்கையில் ஐபிஎம் விற்பனையாளர் பிளேர் ஸ்மித் அமர நேர்ந்தது. அந்தப் பேச்சில் முளைத்த சேபர் அமைப்பு 1964இல் முழு வீச்சில் இயங்கியது. அதன்பின் பயணியின் அசல் பதிவு இருந்தது கணினியில். அவர் கையில் இருந்த தாள் அதன் சாட்சி மட்டுமே.

சாட்சி என்றாலும் தாள் எளிதில் போய்விடவில்லை. நிறுவனங்கள் தங்களுக்குள் பணத்தைப் பிரித்துக்கொண்டது டிக்கெட்டிலிருந்து கிழித்தெடுத்த கூப்பன்களை வைத்துத்தான். யுனைடெட் நிறுவனம் 1994இல் மின் டிக்கெட் தந்தது. பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா தாள் டிக்கெட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்ததோ 2008 ஜூன் 1இல். வீட்டிலேயே செக்-இன் செய்யும் வசதியை 1999இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் தொடங்கியிருந்தது. கவுண்டர் எழுத்தரின் வேலையைப் பயணியே, சம்பளமின்றி, செய்யத் தொடங்கிய ஆண்டு அது.

வீட்டில் அச்சடித்த தாளை எந்த ஊர் வாயிலிலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காக ஐயாட்டா ஒரு பொதுக் குறியீட்டை வகுத்தது. போர்டிங் பாஸில் காணும் அந்தக் குறியீட்டை விரித்துப் படித்தால் ‘எம்1’ என்று தொடங்கும். அடுத்து 20 எழுத்துக்குள் பயணியின் பெயர். பிறகு முன்பதிவு எண், புறப்படும் ஊர், சேரும் ஊர், நிறுவனம், விமான எண். தேதி மாதக் கணக்கில் இராது, ஆண்டின் எத்தனையாவது நாள் என்றே இருக்கும்: டிசம்பர் 1 என்றால் சாதாரண ஆண்டில் 335. இறுதியில் இருக்கையும் வரிசை எண்ணும். பெரும்பாலும் இதற்குப் பூட்டு எதுவும் கிடையாது. கைப்பேசிச் செயலி ஒன்று போதும், யாரும் படிக்கலாம். 2020இல் ஆஸ்திரேலிய முன்னாள் பிரதமர் டோனி அபாட் தம் போர்டிங் பாஸ் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதில் அச்சாகியிருந்த முன்பதிவு எண்ணை வைத்தே அவருடைய பாஸ்போர்ட் எண்வரை ஒருவர் எட்டிவிட்டார். கைப்பையில் அடங்கும் தாளின் அளவைப் பார்த்து அதன் கனத்தை மதிப்பிடக் கூடாது.

இந்தியாவில் கதை கொஞ்சம் வேறு. இங்கே தாளைப் பிடித்து வைத்திருந்தது தொழில்நுட்பக் குறை அல்ல, ரப்பர் முத்திரை. பாதுகாப்புச் சோதனை முடிந்ததற்குச் சான்றாக மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் போர்டிங் பாஸிலும் கைப்பையில் தொங்கும் அட்டையிலும் முத்திரை குத்துவார்கள். கைப்பேசித் திரையில் முத்திரை குத்த முடியாதே! ஆகவே கைப்பேசியில் பாஸ் வைத்திருந்தவரும் அச்சிட வரிசையில் நின்றார். 2017 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், கொச்சி ஆகிய ஏழு நிலையங்களில் கைப்பை அட்டை முத்திரை கைவிடப்பட்டது. நிலையங்களின் கேமரா ஏற்பாடு வலுப்பட்ட பிறகே அது சாத்தியமாயிற்று.

இன்னொரு வேறுபாடு, நிலையத்தின் வாசல். சிங்கப்பூர் சாங்கியில் வழியனுப்ப வந்த உறவினர்கள் செக்-இன் கவுண்டர்வரை கூடவே நடக்கலாம். சென்னையில் கட்டிடத்தின் கண்ணாடிக் கதவிலேயே காவலர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் ஒப்பிடுவார். கண்ணீரும் கட்டியணைப்பும் வெளியிலேயே. 2018இல் கொள்கையாக அறிவிக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1இல் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கிய டிஜி யாத்ரா, உள்நாட்டுப் பயணிக்கு இந்தக் கதவைத்தான் முதலில் வேகப்படுத்தியது. ஆதாரைக் கொண்டு அடையாளத்தை உறுதி செய்து, செல்ஃபி எடுத்து, இரண்டையும் பயணி தம் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்கிறார். பயணத்துக்கு முன் அவற்றைப் புறப்படும் நிலையத்துக்கு அனுப்பினால், கதவருகே கேமரா முகத்தைப் பார்த்துத் திறக்கிறது. விமானம் கிளம்பிய 24 மணி நேரத்தில் நிலையம் அந்தத் தரவை அழித்துவிட வேண்டும் என்பது விதி. 2024 செப்டம்பரில் கோயம்புத்தூரும் இதில் சேர்ந்தது. பல நாடுகளில் இல்லாத ஒரு வாசல் சோதனை இங்கே ஏன் தொடர வேண்டும் என்ற கேள்வி எழவில்லை. அதை விரைவாக்கும் வழி மட்டும் வந்துவிட்டது. டிஜி யாத்ராவின் வெற்றியைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கருத்து.

இதை நடத்தும் டிஜி யாத்ரா அறக்கட்டளை 2019இல் உருவான, லாப நோக்கற்ற நிறுவனம். இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்கு 26 விழுக்காடு பங்கு. மீதி 74 டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி நிலைய நிறுவனங்களிடம். வரிசை சீக்கிரம் நகர்ந்தால் பயன் பெறுகிறவர்களே அடையாள அமைப்புக்கும் பங்குதாரர்கள்.

இப்படி ஓர் அமைப்பைப் பலர் பகிர்வது புதிதல்ல. செக்-இன் கவுண்டர் கணினிகளைப் பல விமான நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் முறை 1984 ஒலிம்பிக்கை ஒட்டி லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியது. சிக்கனம்தான், ஆனால் விழுந்தால் எல்லோரும் சேர்ந்தே விழ வேண்டியதுதான். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு உலகெங்கும் கணினிகளை முடக்கியபோது, இந்திய நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ்கள் பயணிகள் கைக்கு வந்தன. 2025 செப்டம்பரில் காலின்ஸ் ஏரோஸ்பேஸின் பொதுச் செக்-இன் மென்பொருளைப் பணயத் தொகை கேட்கும் கும்பல் தாக்கியதில் ஹீத்ரோ, பிரஸ்ஸல்ஸ், பெர்லின் மூன்றும் ஒருசேரத் தடுமாறின. அடுத்து வந்த திங்கட்கிழமை புறப்பட வேண்டிய விமானங்களில் ஏறத்தாழப் பாதியை ரத்து செய்யும்படி பிரஸ்ஸல்ஸ் நிலையம் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

டிஜி யாத்ராவில் சேர்வது பயணியின் விருப்பம் என்பதால், முகம் பார்க்கும் வாயிலுக்குப் பக்கத்தில் காவலர் அட்டை பார்க்கும் பழைய வரிசையும் இருந்தாக வேண்டும். அந்தரங்க உரிமையை முன்னிட்டு விட்டுவைத்த ஏற்பாடு அது. கணினி படுத்துக்கொள்ளும் நாளில் வேறு வழி இல்லாத எல்லோருக்கும் அதுவே வழி.