குறைவது கணக்கிலா, கையிருப்பிலா?

ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே புகாரோடு என் சர்வீஸ் மேசைக்கு வந்தார்கள். முதலில் வந்தவர் ஒரு கல்லூரி ஆசிரியர். புதிதாக வாங்கிய ஹார்ட் டிஸ்க்கை அட்டைப் பெட்டியோடு எடுத்து வைத்தார். பெட்டியில் 1 டிபி என்று இருக்கிறது. கணினியில் பார்த்தால் 931 ஜிபி. இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி லேப்டாப்போடு வந்தார். 8 ஜிபி ரேம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள், 5.9 ஜிபிதான் காட்டுகிறது. "மெமரி குறையுது சார்" என்றுதான் இருவருமே ஆரம்பித்தார்கள். வாங்கிய இடத்தில் இருவருக்கும் கிடைத்த பதிலும் ஒன்றுதான்: "எல்லாத்துலயும் அப்படித்தாங்க காட்டும்." ஆசிரியருக்கு அந்தப் பதில் சரி. மாணவிக்கு அதைச் சொன்னது பொறுப்பில்லாத செயல்.

குழப்பம் 'மெமரி' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. ரேமும் மெமரி, கேமராவில் போடும் கார்டும் மெமரி. தமிழில் நினைவகம், சேமிப்பகம் என்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம். பேச்சில் அவற்றைப் புழங்கியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

டிஸ்க்கின் கதை, படி மாறிய கதை. தயாரிப்பாளர் 1 டிபி என்று அச்சிடும்போது பத்தின் அடுக்கில் எண்ணுகிறார்: ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் இரண்டின் அடுக்கில் எண்ணுகிறது. அதற்கு 1 ஜிபி என்பது 107,37,41,824 பைட். ஒரு லட்சம் கோடியை இதனால் வகுத்துப் பாருங்கள், 931 வரும். ஊருக்கு ஊர் படி வேறாக இருந்த காலத்தில் சின்னப் படியில் அளந்த நெல்லைப் பெரிய படியில் அளந்தால் எண்ணிக்கை குறையும். களத்தில் ஒரு மணி நெல்கூடக் குறையாது. அதே டிஸ்க்கை மேக் கணினியில் செருகினால் 1 டிபி என்றே காட்டும். 2009-இல் வந்த ஸ்னோ லெபர்ட் பதிப்பிலிருந்து ஆப்பிள் பத்தின் கணக்குக்கு மாறிவிட்டது. பழைய ஃபிளாப்பியின் 1.44 எம்பி இன்னும் விசித்திரம்: அது 1000-ஐ 1024-ஆல் பெருக்கிய கலப்புக் கணக்கு. இரண்டின் அடுக்குக்கு ஜிபி வேண்டாம், 'கிபிபைட்' என்று தனிப் பெயர் வையுங்கள் என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இலேயே சொல்லிவிட்டது. விண்டோஸ் இன்றுவரை பழைய பெயரையே போடுகிறது. வாங்குபவரை இத்தனை ஆண்டுகளாகக் குழப்பத்தில் விட்டிருப்பது தவறு என்பதே என் கருத்து.

ரேமுக்கு இந்தச் சமாதானம் செல்லாது. ரேம் சிப்புகளின் கட்டமைப்பே இரண்டின் அடுக்கு. 8 ஜிபி ரேமில் 858,99,34,592 பைட் இருக்கிறது. விண்டோஸின் கணக்கிலும் அது சரியாக 8 ஜிபிதான். பெட்டியும் திரையும் ஒரே படியால் அளக்கின்றன. ஆகவே ரேம் குறைந்து காட்டினால், அந்த இடத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அல்லது அந்த இடத்துக்குப் போக வழியில்லை.

வழியில்லாத நிலையை 32 பிட் விண்டோஸ் காலத்தில் நிறையப் பார்த்தோம். அதனிடம் இருந்தது 4 ஜிபிக்கான கதவு எண்கள் மட்டுமே. கிராஃபிக்ஸ் கார்டு உள்ளிட்ட சாதனங்களுக்கும் அதே தெருவிலிருந்துதான் எண் கொடுக்க வேண்டும். எண் கிடைக்காத வீட்டுக்குத் தபால்காரர் எப்படிப் போவார்? 4 ஜிபி ரேம் போட்டவர்கள் மூன்றேகால், மூன்றரை என்று பார்த்தது இதனால்தான். 64 பிட் வந்ததும் அந்தத் தொல்லை ஓய்ந்தது.

மாணவியின் லேப்டாப்பில் நடந்தது வேறு. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி என்று போனோம். அடியில் 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்ற வரியில் 2.1 ஜிபி. ப்ராசஸரோடு சேர்ந்தே வரும் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. அது ரேமிலிருந்து பங்கு எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் துவங்கும் முன் திறக்கும் பயாஸ் அமைப்பில் அதற்கு 2 ஜிபி ஒதுக்கியிருந்தார்கள். 512 எம்பி ஆக்கிவிட்டு மறுபடி துவக்கினோம்: 7.4 ஜிபி. கேம் ஆடுபவருக்கு அந்த 2 ஜிபி தேவைப்படலாம். ப்ராஜெக்ட் அறிக்கை தட்டச்சு செய்பவருக்குத் தேவையில்லை. எல்லா லேப்டாப்பிலும் இந்த அமைப்பை மாற்ற விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பயாஸே பாதி ரேமை மட்டும் காட்டினால் ஸ்லாட்டைத்தான் பார்க்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்'கென்று கேட்கும்வரை அழுத்துவோம். காணாமல்போன 4 ஜிபி பெரும்பாலும் இப்படித் திரும்பிவிடும்.

ஆசிரியரின் டிஸ்க்கில் மீட்க எதுவுமே இல்லை. கால்குலேட்டரில் வகுத்துக் காட்டினேன், நிம்மதியாக எடுத்துப்போனார். மாணவிக்கு ஒன்றரை ஜிபி திரும்பக் கிடைத்தது. அவர் புது ரேம் வாங்கப் பணம் புரட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். உங்கள் கணினியிலும் ரேம் குறைந்து காட்டினால், பர்ஸைத் திறப்பதற்கு முன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, அந்த ஒரு வரியைப் பாருங்கள்.