மகள் தந்தைக்கு எழுதிய வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் முதலில் நாடுவது அரசாங்க ஆவணங்களையே. உடன்படிக்கைகளிலும் அறிக்கைகளிலும் ஒவ்வொரு சொல்லும் நிறுத்து வைக்கப்பட்டிருக்கும். ஆனால் அவற்றை எழுதிய அதே கை, மாலையில் வீட்டாருக்குக் கடிதம் எழுதும்போது நிறுக்க மறந்துவிடுகிறது. பகலில் மறைத்தது இரவில் வெளிப்பட்டுவிடுகிறது. ஜெர்ட்ரூட் பெல் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் கடிதங்கள் இதற்குத் தக்க சான்று.

இரும்புத் தொழிலால் செல்வம் ஈட்டிய குடும்பமொன்றில் 1868ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே தாயை இழந்தமையால் தந்தை ஹியூ பெல்லிடம் அளவற்ற பற்றுக் கொண்டிருந்தார். ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்று 1888இல் முதல் வகுப்பில் தேறினார். 1892இல் பாரசீகம் சென்றார். கவிஞர் ஹாபிஸின் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1897இல் வெளியிட்டார். பின்னர் அரபு மொழியும் கற்று, சிரியாவிலும் இராக்கிலும் பாலைவனங்களைக் கடந்து பழங்கட்டடங்களை ஆராய்ந்தார்.

இலக்கிய ஆர்வத்துடன் தொடங்கிய அந்தப் பயணம் ஆட்சி மன்றத்தில் வந்து முடிந்தது. 1917இல் பிரிட்டிஷ் படை பக்தாதைக் கைப்பற்றியபின், அங்கே ஆட்சியாளரின் கீழ்த்திசைச் செயலாளராக அவர் அமர்ந்தார். 1920இல் இராக் மக்கள் அந்நிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டு மார்ச்சில் கெய்ரோவில் கூடிய மாநாடு, ஹிஜாஸைச் சேர்ந்த இளவரசர் பைஸலை இராக்கின் மன்னராக்க வழி வகுத்தது. மக்கள் கருத்து கேட்கப்பட்டதாகவும், நூற்றுக்கு 96 பேர் பைஸலையே விரும்பியதாகவும் அறிவிக்கப்பட்டது. 1921 ஆகஸ்ட் 23ஆம் நாள் முடிசூட்டு விழா நடந்தது.

இது அரசாங்க ஏடு கூறும் செய்தி. அதே ஆண்டு ஜூலைத் திங்களில், மக்கள் தீர்ப்பு அறிவிக்கப்படுவதற்கு முன்னரே, பெல் தம் தந்தைக்கு எழுதியதென்ன? இனி ஒருபோதும் அரசர்களை உருவாக்கும் வேலையில் இறங்கப் போவதில்லை, அதன் பளு மிகப் பெரிது என்று எழுதினார். மன்னரை உருவாக்கியவர் யார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? டிசம்பரில் எழுதிய மற்றொரு மடலில், இராக்கின் தென்பாலைவன எல்லையை வகுத்துக் காலைப்பொழுதைப் பயனுறக் கழித்ததாகக் கூறுகிறார். தலைமுறை தலைமுறையாக மக்கள் ஆடு ஒட்டகங்களை மேய்த்துத் திரிந்த நிலத்தின் தலைவிதி, ஒரு காலைப்பொழுதின் அலுவலாயிற்று! அதைச் சொல்லும்போது அவர் மனத்தில் வஞ்சகம் இல்லை, பெருமிதமே இருந்தது. நம்மை உறுத்துவது அதுவே.

1926 ஜூலை 12ஆம் நாள் பக்தாதில் பெல் மறைந்தார். அடுத்த ஆண்டே அவருடைய சிற்றன்னை அக்கடிதங்களை இரு தொகுதிகளாக வெளியிட்டார். குடும்பத்தின் மானம் கருதிப் பல பகுதிகளை நீக்கியே வெளியிட்டார். ஆயினும் மூலக் கடிதங்களை அவர்கள் எரித்துவிடவில்லை. ஏறத்தாழ 1,600 கடிதங்களும், 16 நாட்குறிப்பேடுகளும், 7,000 நிழற்படங்களும் இன்று நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் உள்ளன. 2017இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2015இல் பல்மைராவில் தகர்க்கப்பட்ட பழங்கோயிலின் முந்தைய தோற்றத்தை, அவர் 1900ஆம் ஆண்டு எடுத்த படங்களில் காணலாம்.

எனினும் கடிதமெல்லாம் முழு உண்மை என்று நாம் மயங்கிவிடலாகாது. 1913-14இல் ஹாயில் நகருக்குச் சென்றபோது பெல் இரு நாட்குறிப்புகள் எழுதினார். ஒன்று தமக்கு, மற்றொன்று நெருங்கிய நண்பர் ஒருவர் படிப்பதற்கு. படிப்பவர் யார் என்பதைப் பொறுத்தே எழுத்தும் அமைகிறது.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அந்த எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் வாழ்ந்த மேய்ப்பனின் மனைவி என்ன நினைத்தாள் என்பதைக் கூற எந்தப் பெட்டியிலும் கடிதம் இல்லை. எழுதியவர்களும், எழுதியதைக் காத்தவர்களுமே வரலாற்றின் அவையில் பேசுகின்றனர். ஏனையோர் ஊமைகளாய் நிற்கின்றனர். ஆகவே, முன்னோரின் கடிதக் கட்டைப் பழங்காகிதமென்று எடைக்குப் போடுமுன், எவருடைய நாவை அறுக்கிறோம் என்று நாம் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக!