ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கிராமங்களில் கழிவுநீர் சென்ற வழி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கிராமங்களின் கழிவுநீர் வரலாறு கண்மாய்களோடு பிணைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிக் கண்மாய்களை நிரப்புகிறது. ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. மிஞ்சுவது வைப்பாற்றைச் சேர்கிறது. எனவே மேலூர் விடும் அழுக்கு கீழூரின் வயலுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும்.

குழாய் வருவதற்கு முன் தண்ணீரைக் கிணற்றில் இறைத்துக் குடத்தில் சுமந்து வந்தனர். ஆகவே சிக்கனமாகவே செலவழித்தனர். குளியலும் துணி துவைப்பதும் பெரும்பாலும் கிணற்றடியிலும் கண்மாய்க் கரையிலும் நடந்தன. பாத்திரம் கழுவிய நீர் புழக்கடை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்தது; அரிசி களைந்த நீர் மாட்டுத்தொட்டிக்குப் போனது. தெருவுக்கு வந்த கொஞ்ச நீரையும் மண் உறிஞ்சிக்கொண்டது. ஆனால் அக்காலம் தூய்மையானது என்று சொல்லிவிட முடியாது. வெளியிடத்தில் மலம் கழிப்பதே வழக்கமாக இருந்தது. நகரங்களின் எடுப்புக் கழிப்பறைகளில் மலம் அள்ளும் கொடுமை சில சாதியினர் மீது சுமத்தப்பட்டது. அதைத் தடைசெய்யும் சட்டங்கள் 1993-லும் 2013-லும்தான் வந்தன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைமை மாறியது. 1971-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. மேல்நிலைத் தொட்டியும் தெருக்குழாயும் பிறகு வீட்டுக்குழாயும் வந்தன. நீர்ச் செலவு பெருகிய அதே காலத்தில் சிமெண்ட் சாலை மண்ணை மூடியது. வாய்க்கால் கட்டி, கழிவுநீரை ஊரின் தாழ்ந்த இடமான ஊருணிக்கோ கண்மாய்க்கோ விட்டனர். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்த்தன. அவை அழுகும்போது நீரின் ஆக்சிஜன் குறைகிறது. பேண்டேஜ் துணிக்குப் பேர்பெற்ற சத்திரப்பட்டி போன்ற ஊர்களின் தொழில் தனிச் சிக்கலைக் கொண்டது. நெய்த துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வெளுத்து அலசிய நீர் காரத்தன்மை மிக்கது. வீட்டுக் கழிவுநீருக்கான எளிய முறைகள் அதற்குப் போதா.

1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் வாய்க்கால் கட்டுவதையும் வீட்டுக் கழிவுநீரை அகற்றுவதையும் கிராம ஊராட்சியின் கடமைகளில் சேர்த்தது. கழிப்பறைச் சாக்கடையை அக்கடமையில் சேர்க்கவில்லை. செப்டிக் டேங்குகள் பெருகியபின் அந்த இடைவெளி வெளிப்பட்டது. லாரி அள்ளிய கசடு ஓடையிலும் வெற்று நிலத்திலும் கொட்டப்பட்டது. 2014-இல் தமிழக அரசு வெளியிட்ட கசடு மேலாண்மை வழிகாட்டுதல்கள், அருகிலுள்ள நகரின் சுத்திகரிப்பு நிலையத்தோடு சுற்றுக் கிராமங்களையும் இணைத்தன.

வீட்டுக் கழிவுநீருக்குப் பழைய புழக்கடை முறையே திருத்தமான வடிவில் திரும்பியிருக்கிறது. 2014-இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் 2020-ஆம் ஆண்டு இரண்டாம் கட்டம் திரவக் கழிவு மேலாண்மையை முன்னிறுத்தியது. உறிஞ்சுகுழிகள் நூறு நாள் வேலைத் திட்டத்திலும் வெட்டப்பட்டன. குழியின் அடியில் பெருங்கல்லும் மேலே சிறுகல்லும் பரப்பி, சோற்றுப்பருக்கையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தடுக்க ஒரு வடிகட்டி அறை வைக்கிறார்கள். கல்லில் படியும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்கின்றன. நீர் மண்ணில் இறங்குகிறது.

மலையடிவாரச் செம்மண்ணில் இது நன்றாக வேலை செய்யும். கிழக்கே கரிசல் மண் ஈரத்தில் உப்பி நீரை இறங்கவிடாது. குழி விரைவில் நிரம்பிவிடும். அத்தகைய ஊர்களுக்கு வாய்க்காலின் முடிவில், கண்மாய்க்கு முன்பாக, கிடைமட்ட வடிகட்டியும் நாணல், கல்வாழை நட்ட கல்படுகையும் பொருந்தும். சேறும் குப்பையும் அவ்வப்போது அள்ளப்படாவிட்டால் எந்த அமைப்பும் அடைத்துக்கொள்ளும்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் தர இலக்கு வைத்தது. வழங்கும் நீரில் சுமார் 80 சதவீதம் கழிவாகும் என்பது வழக்கமான கணக்கு. அதன்படி ஆயிரம் பேர் வாழும் ஊரில் தினமும் 44,000 லிட்டர் கழிவுநீர் உண்டாகும். ஆகவே குடிநீர்க் குழாய் பதிக்கும்போதே அந்த நீர் வெளியேறும் வழியையும் ஊராட்சி திட்டமிட வேண்டும். இல்லையேல் அது கண்மாய்க்கே போகும்.