தெரிந்த சொற்களின் நடுவே ஒரு தெரியாத சொல்

ஷார்ஜாவில் எங்கள் அறைக்குப் புதிதாக வந்து சேரும் தம்பிகள் முதல் வாரத்திலேயே சில அரபுச் சொற்களைப் பிடித்துக்கொள்வார்கள். கல்லாஸ், யல்லா, மாஃபி, கல்லி வல்லி. இவற்றை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. "சோறு கல்லாஸ்டா" என்று ஒருவர் பானையைச் சாய்த்துக் காட்டுவார். தீர்ந்துவிட்டது என்று அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுற்றியுள்ளதெல்லாம் தமிழ், நடுவில் ஒன்றே ஒன்று புதிது, அதுவும் நாளுக்குப் பத்து முறை காதில் விழுகிறது.

அதே தம்பிகளின் தலைமாட்டில் முப்பது நாளில் ஆங்கிலம் பேசவைக்கும் புத்தகம் ஒன்று ஆறு மாதமாகக் கிடக்கும். பத்துச் சொல்கூட ஒட்டியிருக்காது. "நாவல் படி, சொல் தானாக வரும்" என்று ஊரில் ஆசிரியர்கள் சொல்லி அனுப்பிய அறிவுரையை நம்பிச் சிலர் கனமான ஆங்கில நாவலை வாங்கிவந்து, நான்காம் பக்கத்தோடு மூடிவைத்ததையும் பார்த்திருக்கிறேன். அறிவுரை தவறா, படித்தவர் தவறா? இதற்கு விடை தேடியபோது இரண்டு ஆய்வுகள் கண்ணில் பட்டன. ஒன்று 1978இல் வெளியானது. இன்னொன்று 1998இல் வெளியானது, நம் வளைகுடாவிலேயே ஓமானில் நடந்தது. இரண்டும் நாவல் படிப்பவரின் மனத்தில் எத்தனை புதிய சொல் தங்குகிறது என்று எண்ணிப் பார்த்தவை. கிடைத்த எண்ணிக்கைகளோ மலைக்கும் மடுவுக்குமாக இருந்தன.

முதல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நாவல் ஆண்டனி பர்ஜெஸ் 1962இல் எழுதிய 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்சு'. பர்ஜெஸ் மலாயாவில் ஆசிரியராக வேலை பார்த்து மலாய் மொழியைக் கற்றுத் தேர்ந்தவர். மொழி எப்படி ஒருவனுக்குள் புகுகிறது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். இந்த நாவலின் இளைஞர்கள் ரஷ்ய வேர் கொண்ட ஒரு கொச்சையைப் பேசுகிறார்கள். அதற்கு 'நட்சத்' என்று பெயர். ரஷ்ய மொழியில் பதினொன்று முதல் பத்தொன்பது வரையான எண்களின் ஈற்றில் வரும் துண்டு அது, நம் 'பதின்' போல. தோழனுக்கு 'ட்ரூக்', பாலுக்கு 'மொலோகோ', நல்லதற்கு 'ஹாரர்ஷோ' என்று இப்படி 241 சொற்கள். பர்ஜெஸ் சொற்பட்டியல் எதுவும் தரவில்லை. பின்னால் வந்த ஓர் அமெரிக்கப் பதிப்பில் ஸ்டான்லி எட்கர் ஹைமன் என்ற திறனாய்வாளர் தயாரித்த சொற்பட்டியலைச் சேர்த்தபோது ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. படித்துக்கொண்டே போகிறவன் தன்னையறியாமல் கொஞ்சம் ரஷ்ய மொழி கற்றுவிட வேண்டும் என்பதே அவர் போட்டுவைத்த திட்டம்.

அந்தத் திட்டம் பலித்ததா என்று சராகி, பால் நேஷன், மைஸ்டர் ஆகிய மூவரும் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 20 பெரியவர்களிடம் சொற்பட்டியல் இல்லாத பிரதியைக் கொடுத்தார்கள். கதையைப் பற்றித்தான் கேள்வி வரும் என்று சொல்லிவைத்துவிட்டு, படித்து முடித்த சில நாளில் 90 நட்சத் சொற்களுக்குப் பொருள் கேட்டார்கள். சராசரியாக 76 விழுக்காடு சரியான விடை வந்தது. மிகக் குறைவாக எடுத்தவரே பாதியை எட்டியிருந்தார். அகராதி இல்லை, பாடம் இல்லை, மனப்பாடம் இல்லை. நாவல் படித்தாலே சொல் வந்துவிடும் என்று சொல்பவர்கள் நெடுங்காலம் கையில் வைத்திருந்த சான்று இதுதான்.

இருபது ஆண்டு கழித்து மார்லிஸ் ஹோர்ஸ்ட், டாம் காப், பால் மியரா மூவரும் அந்தச் சான்றை உரசிப் பார்க்க முனைந்தார்கள். மஸ்கட்டின் அல் கூத் பகுதியில் 1986இல் திறக்கப்பட்ட சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஆங்கிலத்தில் இடைநிலைக்குச் சற்றுக் கீழே இருந்த 34 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். நாவல், தாமஸ் ஹார்டி 1886இல் எழுதிய 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்'. முழு நாவல் அல்ல, கற்பவர்களுக்காக எளிமையாக்கிச் சுருக்கிய பதிப்பு. அதுவே ஏறத்தாழ 21,000 சொல் ஓடும். பத்து நாளில் ஆறு வகுப்பு. ஆசிரியர் முழுக் கதையையும் உரக்கப் படிக்க, மாணவர்கள் புத்தகத்தில் கண்ணை ஓட்டிக்கொண்டே வந்தார்கள். யாரும் பக்கத்தைத் தாண்டிவிடக் கூடாது, இடையில் அகராதி புரட்டக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கதையில் வரும் 45 சொற்களைப் படிக்கும் முன்பும் கேட்டார்கள், படித்த பின்பும் கேட்டார்கள். ஏறக்குறைய பாதி முன்பே தெரிந்திருந்தது. தெரியாதிருந்த மீதியில் புதிதாகச் சேர்ந்தது, ஆளுக்குச் சராசரியாக ஐந்து சொல்லுக்கும் சற்றுக் குறைவு.

அங்கே நான்கில் மூன்று பங்கு, இங்கே தெரியாதவற்றில் ஐந்தில் ஒன்று. இதைப் பார்த்து ஓமான் மாணவர்களைக் குறைத்து எண்ணுவது பெரும்பிழை. நாவலால் பயனில்லை என்று தீர்ப்பு எழுதுவதும் அவசரம். கேட்டது 45 சொல் மட்டுமே. கேட்காமல் விட்டவற்றில் எத்தனை ஒட்டியிருக்கும் என்பது அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம் வேண்டும். என் பார்வையில் அந்தக் காரணம் படித்தவர் மூளையிலும் இல்லை, நாவலின் தரத்திலும் இல்லை. புதிய சொல்லைச் சுற்றி நின்ற பழைய சொற்களில் இருக்கிறது.

க்ளாக்வொர்க் ஆரஞ்சைப் படித்தவருக்கு நட்சத் தவிர மற்ற ஒவ்வொரு சொல்லும் தாய்ப்பாலோடு வந்தது. மதுக்கடையைப் போன்ற ஓர் இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடிக் குவளையில் 'மொலோகோ' குடிக்கிறார்கள் என்றால், நான்கு பக்கமும் கெட்டியான சுவர் இருக்கிற அறையில் ஒரே ஒரு செங்கல்தான் காணவில்லை. எந்த அளவுக் கல் என்று அந்த ஓட்டையே காட்டிக்கொடுக்கும். மஸ்கட் மாணவருக்கோ சுவரே அங்கங்கே இடிந்திருந்தது. ஒரு தெரியாத சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு தெரியாத சொல் நிற்கும்போது ஒன்று மற்றொன்றுக்குத் துணை செய்ய முடியாது. ஹோர்ஸ்ட் குழுவினர் கண்ட இன்னொரு செய்தியும் இதையே சொல்கிறது. ஏற்கெனவே சொல்வளம் கூடுதலாக இருந்த மாணவர்களே அதே வாசிப்பில் கூடுதலாகப் பெற்றார்கள். உள்ளவனுக்கே மேலும் சேர்கிறது. கேட்கக் கசப்பாக இருந்தாலும் கற்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

பால் நேஷன் பிற்பாடு 2006இல் இதை எண்ணாகவே போட்டுக் காட்டினார். நாவலைத் துணையின்றிப் படிக்க, அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பம் கைவசம் வேண்டும் என்றார். ரீட், ரீடர், ரீடிங் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம் என்ற கணக்கில்தான் இந்த எண். பக்கத்துக்கு 300 சொல் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 98 தெரிந்தவர் ஒரு பக்கத்தில் 6 இடத்தில் இடறுவார். 95 தெரிந்தவர் 15 இடத்தில். 90 தெரிந்தவர் 30 இடத்தில். நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் பள்ளித் தேர்வில் பெருமைப்படத்தக்க மதிப்பெண். நாவலில் அது வரிக்கு வரி கல். நான்காம் பக்கத்தில் புத்தகத்தை மூடிய நம் தம்பிகளுக்குச் சோம்பல் என்று இனியும் யாரும் சொல்லக் கூடாது.

அடுத்தது, திரும்ப வருதல். நட்சத் சொல் ஒவ்வொன்றும் நாவலில் சராசரியாக 15 முறை வருகிறது. காஸ்டர்பிரிட்ஜ் ஆய்விலும் எட்டு முறையோ அதற்கு மேலோ வந்த சொற்களே நன்றாகத் தங்கின. ஒரே முறை வந்து போகும் சொல் பேருந்து சன்னலில் கடந்துபோகும் முகம். மறுநாளும் அதே நிறுத்தத்தில் நின்றால்தான் அடையாளம் பதியும்.

அதிகம் பேசப்படாத வேறுபாடு ஒன்று உண்டு. நட்சத் சொற்கள் பழைய பொருளுக்குப் புதிய பெயர்கள். படிப்பவர் பாலை அறிவார், 'மொலோகோ' என்ற ஒலி மட்டுமே புதிது. ஹார்டியின் உலகமோ பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வைக்கோலும் தானியமும். ஹென்சர்ட் என்ற வைக்கோல் கட்டும் தொழிலாளி, சந்தையில் ரம் கலந்த 'ஃபர்மிட்டி'யைக் குடித்துப் போதை தலைக்கேறி, மனைவியையும் கைக்குழந்தையையும் ஐந்து கினிக்கு ஒரு கப்பல்காரனிடம் விற்றுவிடுகிறான். பின்னாளில் தானிய வணிகனாகி ஊர்த் தலைவனாகவும் ஆகிறான். கினி எவ்வளவு பணம்? ஃபர்மிட்டி கஞ்சியா கூழா? மனைவியைச் சந்தையில் விற்பது அங்கே வழக்கமா, வெறியா? மஸ்கட்டில் வளர்ந்த பதினெட்டு வயதுப் பிள்ளை சொல்லை மட்டுமல்ல, பொருளையும் சேர்த்துத் தேட வேண்டிய கதை இது. ஹார்டி பெரிய எழுத்தாளர், அதில் எனக்கு ஐயமில்லை. பாலைவனக் கரையில் ஆங்கிலம் கற்பவருக்கு முதல் வாசலாக அவரை வைப்பது சரியா என்பதுதான் என் கேள்வி.

அந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது உரக்கப் படித்த முறை. ஆய்வின் கட்டுப்பாட்டுக்காகச் செய்த ஏற்பாடுதான், ஆனால் நமக்கு அது அந்நியமல்ல. கோயில் மண்டபத்தில் பாரதம் படிக்கக் கேட்டவர்களும், தேநீர்க் கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் நாளிதழ் வாசிக்க நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்களும் நம் பாட்டன்மார். எழுத்துக்கூட்டவே தெரியாதவர்கள்கூட அப்படிக் கேட்டுக் கேட்டு நல்ல தமிழ்ச் சொற்களை நாவில் ஏற்றிக்கொண்டார்கள். தனியே படிப்பவன் இடறினால் நின்றுவிடுகிறான். கூடப் படிப்பவனைக் கதை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அப்படியானால் சொற்பட்டியல் வேண்டாமா? வேண்டும் என்றே நினைக்கிறேன். திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் இலக்கியத்துக்குள் போனார்கள். அது மூடத்தனமல்ல, சுவர் எழுப்புகிற வேலை. இதே சிக்கலை நம் துணைக்கண்டத்திலேயே ஒருவர் எதிர்கொண்டார். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடநூலில் திணறுவதைப் பார்த்தார். புதிய சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதும், வந்த சொல் மறுபடி வராததும்தான் காரணம் என்று கண்டுகொண்டு 1920களில் கதைகளைத் திருத்தி எழுதினார். தெரிந்த சொற்களுக்கிடையே புதிய சொல்லை விட்டுவிட்டுத் தூவி, தூவியதைத் திரும்பத் திரும்ப வரச்செய்தார். 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் இருந்தவை அடிப்படையான சுமார் 2,000 சொற்கள். மஸ்கட் மாணவர்கள் படித்த எளிய ஹார்டிக்கும் மூதாதை அந்த டாக்கா முயற்சிதான். பட்டியலும் கதையும் அவரிடம் பகையாகவே இல்லை.

இந்த இரண்டு ஆய்வையும் படித்த பிறகு எங்கள் அறையில் முறையை மாற்றினோம். விடுமுறை நாளில், துணி துவைத்து முடித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம். அடிப்படைச் சொற்களுக்குப் பட்டியல், நாளுக்குப் பத்து, வேலைத்தளத்துக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில். நாவலுக்கு ஆர்.கே. நாராயணின் 1935ஆம் ஆண்டு நூல் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'. அதன் ஆங்கிலத்தில் கடினமான சொற்கள் இல்லாமலில்லை. ஆனால் தலைமையாசிரியரின் பிரம்பும், பாட்டியின் மடியும், அப்பாவின் அதட்டலும், கிரிக்கெட் குழுவுக்குப் பெயர் வைக்கிற பரபரப்பும் எங்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாதவை. சொல்லால் எழுப்ப முடியாத சுவரில் பாதியை வாழ்க்கை எழுப்பித் தந்துவிடுகிறது. ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கண்ணை ஓட்டுவார்கள்.

சென்ற மாதம் சுவாமி ஒரு 'ஹூப்' வேண்டும் என்று ஏங்குகிற இடம் வந்தது. படித்துக்கொண்டிருந்த தொண்டிக்காரத் தம்பி அந்தச் சொல்லில் நின்றான். இரண்டு வரி தாண்டிப் படித்தான், மறுபடி அந்தச் சொல் வந்தது. "அண்ணே, வளையமா? நாங்க சைக்கிள் டயரக் குச்சியால தட்டி ஓட்டுவோம்ல, அதான?" என்றான்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அடுத்து 'கோச்மேன்' என்பதில் நின்று என் முகத்தைப் பார்த்தான். நான் சொல்லவில்லை. இன்னும் இரண்டு பக்கம் படி என்றேன்.